அத்தியாயம் 7: பேனலுக்கு முன் பிராக்கெட்

ஃபேரிங் போட்ட வண்டி, நின்ற இடத்தில் சாய்ந்தாலே செலவு வைக்கும். கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில், மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டுவந்து போட்ட மணலில் முன்சக்கரம் வழுக்கினால் கேட்கவே வேண்டாம். ஓட்டினவருக்கு முழங்கைச் சிராய்ப்போடு போய்விடலாம். வண்டிக்கு ஒரு பக்க ஃபேரிங், ஒரு கண்ணாடி, ஒரு இண்டிகேட்டர், முகவிளக்குக் கூடான டூமைத் தாங்கும் ஸ்டே எல்லாம் சேர்ந்து போகும். வண்டி புதிது என்றால் ஷோரூமில் ஆர்டர் போட்டுக் காத்திருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடின வண்டி என்றால் அந்தப் பேனல் வரத்தே நின்றிருக்கும். அப்போதுதான் மெக்கானிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணே, அடுத்த மாடலோடத எடுத்து மாட்டிரலாமா?" என்று கேட்கத் தோன்றும்.

ஒன்றுமே உடையாமல், புது மாடலின் முகமோ வாலோ வேண்டும் என்று ஆசைப்பட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் இந்த அத்தியாயம் உதவும். ஆனால் பின்னால் வரும் 'சட்டம் சொல்வது' பகுதியை முதலில் படித்துவிட்டு அவர்கள் இங்கே திரும்பி வரட்டும்.

இரண்டு தரப்புக்கும் ஒரே விதிதான். பேனல் வண்டியில் நேராக உட்காருவதில்லை, பிராக்கெட்டில் உட்காருகிறது. டூமைத் தாங்குவது முன்பக்க ஸ்டே. பக்க ஃபேரிங்கைப் பிடித்துக்கொள்வது அந்த ஸ்டேயும், வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) இருக்கும் காதுகளும், ரேடியேட்டர் பக்கத்துக் கம்பியும். வால் பேனலுக்கு ஆதாரம் சீட்டுக்கு அடியில் ஓடும் பின்சட்டம். இவை ஒத்துப்போனால் வெளியே தெரியும் பிளாஸ்டிக் தானாக ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால், படத்தில் அச்சு அசலாகத் தெரிகிற பேனல்கூட ஒரு விரல்கடை தள்ளி நிற்கும். அந்த ஒரு விரல்கடையைச் சரிக்கட்டத்தான் ஓட்டை போடுவதும், கேபிள் டை கட்டுவதும், கடைசியில் மலைப்பாதையில் ஒரு பாதியை உதிர்த்துவிட்டு வருவதும் நடக்கிறது. ஆகவே பேனல் வாங்கும் முன் பிராக்கெட்டைப் பாருங்கள். முடிந்தால் இரண்டையும் ஒரே வண்டியிலிருந்து, ஒரே கடையில் வாங்குங்கள்.

எது எதோடு சேரும்

நம் பக்கத்துச் சாலைகளில் அதிகம் கேள்வி வருவது யமஹா ஆர்15 பற்றி. அதனால் அதை விரிவாகப் பார்ப்போம். முதல் ஆர்15 இந்தியாவில் 2008-ல் வந்தது. 2011-ல் வி2, 2018-ல் வி3, 2021 செப்டம்பரில் வி4. எல்லாமே டெல்டாபாக்ஸ் சட்டம் என்பதால் "எல்லாம் ஒரே சட்டம்தான் தம்பி, மாட்டிக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். பெயர் ஒன்று, சட்டம் ஒன்றல்ல. முதல் மாடலின் இரு சக்கர இடைவெளி 1290 மிமீ. வி2-வில் அது 1345 மிமீ. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறியது, பின் டயர் 130 அகலத்துக்குப் போனது, ஒற்றை சீட் இரண்டாகப் பிரிந்தது, வால் விளக்கு எல்இடி ஆனது. முகம் மட்டும் கிட்டத்தட்ட பழையபடியே இருந்தது.

இதிலிருந்தே விடை கிடைக்கிறது. முதல் மாடலுக்கும் வி2-வுக்கும் நடுவில் முன்பாதி மாற்றுவது செய்யக்கூடிய வேலை. வால் மாற்றுவது தனி வேலை. வி2 வாலை முதல் மாடலில் ஏற்ற, பின்சட்டத்தில் வெட்டு, வெல்டிங், புது சீட் பூட்டு, புது விளக்கு, நம்பர் பிளேட்டுக்குப் புது இடம் என்று இழுத்துக்கொண்டே போகும். பின்னால் ஒருவரை உட்காரவைக்கும் இடத்தில் வெல்டிங் அடிப்பது எனக்கு உடன்பாடில்லை. தட்டையான சாலையில் ஒன்றும் ஆகாமல் போகலாம். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, வெள்ளிமலைச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த வெல்டிங்தான் அடி வாங்கும்.

வி2-விலிருந்து வி3-க்கு வழியே இல்லை. 155 சிசி எஞ்சினோடு வந்த வி3-யில் முகம், டேங்க், வால் எல்லாமே வேறு. வி3 முகம் வைத்த வி2-வைப் பார்த்ததாக யாராவது சொன்னால், அது பெரும்பாலும் ஃபைபரில் அளவெடுத்து வார்த்ததாக இருக்கும்.

வி3, வி4 விஷயம் கொஞ்சம் நுட்பம். எஞ்சின் அதே 155 சிசி குடும்பம்தான். வி3-யில் இரட்டை எல்இடி முகவிளக்கு. வி4-ல் நடுவில் ஒற்றை விளக்கு, இருபுறமும் பகல் விளக்குகள். ஆகவே டூம் மாற்றினால் ஸ்டே, விளக்கு, வயரிங் மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும். அதைவிட முக்கியம் முன் ஃபோர்க். நம் நாட்டு வி3-யில் வழக்கமான டெலஸ்கோபிக் ஃபோர்க். வி4-ல் தலைகீழ் ஃபோர்க், அதாவது தடித்த குழாய் மேலே. ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது அந்தத் தடித்த குழாய்க்கு ஃபேரிங்கின் உள்ளே இடம் வேண்டும். முன் மட்கார்டு ஃபோர்க்கின் அடிப்பாகத்தில் மாட்டுவதால், இந்த இரண்டு மாடலுக்கும் அது மாறிப் பொருந்தாது. வி3 வைத்திருப்பவருக்கு ஒரு நல்ல சேதி உண்டு. வி4 வந்த பிறகும், 2021 நவம்பரில், ஒற்றை சீட்டோடு ஆர்15எஸ் என்ற பெயரில் வி3 உடலையே யமஹா மறுபடி கொண்டுவந்தது. அதன் முன் பேனல்கள் உங்களுக்கு உதவும். வி4 வைத்திருப்பவர் ஆர்15எம்-மின் பேனலைத் தயங்காமல் தேடலாம். உடல் ஒன்று, நிறமும் ஸ்டிக்கரும்தான் வேறு.

கேடிஎம் ஆர்சி இதைவிட எளிது. 2014-ல் வந்த ஆர்சி 200-ம் ஆர்சி 390-ம் ஒரே உடலைப் பகிர்ந்துகொண்டவை. 390-ன் பக்க பேனல் 200-க்கும், 200-ன் டூம் 390-க்கும் போகும். 2021-லிருந்து வரும் ஆர்சி 200 முழுக்க வேறு வண்டி. பழையதில் இரட்டை புரொஜெக்டர் விளக்கு, புதியதில் ஒரே பெரிய விளக்கு. புதியதன் பின்சட்டம் போல்ட் போட்டுக் கழற்றும் தனித்துண்டு. தலைமுறை மாறினால் ஒரு க்ளிப்கூடச் சேராது என்று வைத்துக்கொண்டு தேடுவது காசுக்கு நல்லது.

பிராண்டே மாறினாலும் பேனல் சேரும் ஒரு அபூர்வ ஜோடி தமிழ்நாட்டிலேயே தயாராகிறது. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வெளியானது 2017 டிசம்பரில். 2022 ஜூலையில் பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்ஆர் வந்தது. இரண்டும் ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் பிறந்தவை, உடலும் பெரும்பாலும் ஒன்றே. பெயின்ட்டும் பெயரும் மாறும்; விலையும் மாறும் என்று சொல்லத் தேவையில்லை. பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர் ஒரு பக்க ஃபேரிங் உடைந்தால் டிவிஎஸ் பேனலின் விலையையும் ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் 2024-ல் ஆர்ஆர் 310-க்கு முன்பக்கத்தில் சிறகுகள் வந்துவிட்டன. அந்தப் புது பேனலை வாங்கினால் இடது வலது இரண்டையும் சேர்த்து வாங்கவேண்டி வரும்.

சுசுகியில் ஃபேரிங் இல்லாத ஜிக்ஸருக்கு எஸ்எஃப் ஃபேரிங் மாட்டுவது பிரபலமான வேலை. 2014-ல் வந்த ஜிக்ஸரின் எடை 135 கிலோ என்றும், 2015-ல் வந்த எஸ்எஃப்-பின் எடை 139 கிலோ என்றும் நிறுவனம் சொன்னது. அதாவது பேனல், ஸ்டே, கம்பி எல்லாம் சேர்த்தே 4 கிலோதான் கூடியது. அந்தத் தலைமுறையில் சட்டமும் ஹேண்டில்பாரும் இரண்டிலும் ஒன்று என்பதால் முழு செட் கிடைத்தால் வேலை சுத்தமாக முடியும். 2019-ல் எஸ்எஃப் புது உருவத்தோடும் க்ளிப்-ஆன் ஹேண்டிலோடும் வந்தது. அந்த உடலை எஸ்எஃப் 250-ம் பகிர்ந்துகொண்டது. பழைய ஜிக்ஸரில் புது எஸ்எஃப் முகம் ஏறாது.

பல்சர் 150-ல் 220-ன் முகத்தை வைப்பது எங்கள் மாவட்டத்தில் ஒரு காலத்துக் கோலாகலம். இன்றும் கேட்கிறார்கள். 150-ன் சின்ன முகம் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும். 220-ன் அரை ஃபேரிங் சட்டத்தோடு நிற்கும், ஹேண்டில் மட்டும் திரும்பும். கண்ணாடியும் ஃபேரிங்கில்தான். சட்டத்தில் தாங்கி வைக்காமல் ஃபோர்க்கிலேயே 220 முகத்தைக் கட்டிவிட்டால், அந்தச் சுமை முழுக்க ஹேண்டிலில் ஏறும். கொண்டை ஊசியில் மெதுவாகத் திரும்பும்போது கை அதை உணரும். செய்வதாக இருந்தால் ஸ்டே, க்ளிப்-ஆன் ஹேண்டில், கேபிள்கள் என முழு முன்பக்கத்தையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு ஒரு பழைய 220-யே பார்க்கலாமே என்பது என் கட்சி.

பகுதி எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

"சேரும், சேராது" என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். பகுதி எண் ஒரே விதமாகத்தான் சொல்லும். யமஹா எண்ணில் முதல் மூன்று எழுத்துகள் அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டும் குறியீடு. அடுத்த ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். அதன்பின் வருவது திருத்தமும் நிறமும். உங்கள் வண்டியின் பாகப் பட்டியலையும் வாங்க நினைக்கும் மாடலின் பட்டியலையும் அருகருகே வைத்து, ஸ்டேயின் எண்ணை ஒப்பிடுங்கள். முதல் எட்டும் அதன்பின் வரும் திருத்த எண்ணும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. நடு ஐந்து மட்டும் ஒத்து, முதல் மூன்று வேறாக இருந்தால், அதே வேலையைச் செய்யும் வேறு பாகம் என்று பொருள். சுசுகியில் கடைசி மூன்று எழுத்து நிறத்துக்கானது. அது மட்டும் வேறென்றால் பெயின்ட்தான் வேறு. இந்தப் பட்டியலை ஷோரூமின் ஸ்பேர்ஸ் கவுன்டரில் மரியாதையாகக் கேட்டால் திரையில் காட்டுவார்கள். ஒரு கிராமெட் ரப்பராவது வாங்கிக்கொண்டு கேட்பது நல்ல பழக்கம்.

பட்டியல் பார்க்கும்போது பெரிய பேனலோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு போல்ட் இடத்திலும் மூன்று சில்லறைச் சாமான் இருக்கும்: பேனலின் துளையில் ஒரு ரப்பர் கிராமெட், அதற்குள் ஒரு இரும்புக் காலர், பிறகு போல்ட். காலர் இருந்தால் போல்ட் இரும்பை இறுக்கும், பிளாஸ்டிக் சும்மா மிதக்கும். காலர் தொலைந்த இடத்தில் போல்ட் நேராகப் பிளாஸ்டிக்கை நசுக்கும். சில வாரத்தில் துளையிலிருந்து கோடு கிளம்பும். பழைய ஃபேரிங்கில் விரிசல் எங்கே ஆரம்பித்திருக்கிறது என்று பார்த்தால் பாதிக்கு மேல் காலர் இல்லாத துளையாகத்தான் இருக்கும்.

வாங்கும் இடம், வாங்கும் முறை

புதிய பேனலும் ஆக்சஸரிஸும் என்றால் சென்னை ஜி.பி. ரோடு. கழற்றிய பழைய பேனல் என்றால் புதுப்பேட்டை. அவ்வளவு தூரம் போகாமல் சேலத்திலேயே முடித்துக்கொள்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். பழைய சாமானுக்கும்தான். திருட்டு வண்டியைப் பிரித்து விற்ற பாகம் என்று பின்னால் தெரியவந்தால், தெரிந்தே வாங்கியவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் வழக்குப் போட முடியும். "பில்லெல்லாம் கிடையாது தம்பி, வேணும்னா எடு" என்கிற கடையில், "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பேனலைக் கையில் வாங்கியதும் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் பளபளப்பாக இருக்கும், அதற்குத்தானே பெயின்ட். செல்போன் விளக்கை வெளியிலிருந்து அடித்தால் பூசி மறைத்த விரிசல் உள்ளே கோடாகத் தெரியும். ஒவ்வொரு காதையும் விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். ஸ்டேப்ளர் பின் புதைத்து ஒட்டிய காது விறைப்பாக நிற்கும். நல்ல காது கொஞ்சம் வளைந்து திரும்பும்.

உள்பக்கத்தில் எந்தப் பிளாஸ்டிக் என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். பெயின்ட் அடித்த பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் (பிரேக்கில் வரும் ஏபிஎஸ் இதுவல்ல). கறுப்பு உள்பேனல்களும் சில மட்கார்டுகளும் பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன். ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும், அதனால் ஒட்டும், வெல்டிங்கும் பிடிக்கும். பிபி சாதாரணப் பசைக்குப் பிடிகொடுக்காது. பிபி குச்சியை உருக்கித்தான் வெல்டிங் வைக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கும் தனிப் பிரைமர் இல்லாவிட்டால் வெயிலில் தோலாக உரியும். எம்-சீல் அப்பிய பிபி பேனலை யாராவது நீட்டினால் விலையில் பாதி கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஃபைபர் டூப்ளிகேட் பற்றி ஒரு சொல். கண்ணாடி நாரும் ரெசினும் சேர்த்துக் கையால் வார்த்த ஃபேரிங் மலிவு, உடைந்தால் ஒட்டவும் எளிது. ஆனால் எடை அதிகம், துளைகள் இடம் மாறியிருக்கும், கீழே விழுந்தால் வளையாமல் கூரான சில்லாக உடையும். முழங்கால் பக்கத்தில் அந்தச் சில்லு எனக்கு வேண்டாம்.

சட்டம் சொல்வது

உங்கள் வண்டியின் பேனலுக்குப் பதிலாக அதே மாடலின் பேனல் போடுவது பழுதுபார்ப்பு. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வேறு மாடலின் உருவத்துக்கு வண்டியை மாற்றுவது மாறுதல். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்து வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, 182ஏ பிரிவின் 4-வது உட்பிரிவில், அனுமதியில்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நடைமுறையில் இதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்15எம் பேனல் போட்ட வி4 ஒரு வி4-தான். ஆனால் நிறம் மாறியிருந்தால் பதிவுச் சான்றில் உள்ள நிறத்தோடு மோதும். நிறம் மாற்றும் முன் கள்ளக்குறிச்சி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, சான்றில் ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாங்கிய பேனலை உங்கள் வண்டி நிறத்துக்கே பெயின்ட் அடித்துவிடுவது சுலபம். எம்டி-15-க்கு ஆர்15 முகம் வைப்பது போன்ற வேலைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சான்றில் ஒரு வண்டி, சாலையில் இன்னொரு வண்டி என்றால் சோதனையில் நிறுத்தும் காவலருக்கு விளக்கம் சொல்லியே பொழுது போகும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதே கேள்வியைக் கேட்கும். எந்த மாறுதலையும் அவர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

வால் பேனல் மாற்றும் ஆர்வத்தில் தூக்கி எறியப்படும் மூன்று சாமான்களைத் தூக்கி எறியாதீர்கள்: பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் பிடி, அவருக்கான கால்மிதி, சேலைக் காப்பு. மத்திய மோட்டார் வாகன விதி 123 இந்த மூன்றையும் கேட்கிறது. சேலைக் காப்பு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும். மலைக் கிராமத்துச் சந்தைக்குப் பின்சீட்டில் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் அம்மாவை நினைத்தாலே போதும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒருமுறை பூட்டினால் கழலாத பூட்டோடு வருகிறது. வாலைக் கழற்ற அதை உடைத்தால் டீலரிடம் போய் மறுபடி பூட்டிக்கொள்ள வேண்டும். அந்த நாளையும் கணக்கில் சேருங்கள்.

மாட்டும் வேலை

பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு பேனலையும் கழற்றும் முன் ஒரு படம். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். ஓர் அட்டையில் ஃபேரிங்கின் உருவத்தைக் கிறுக்கி, அந்தந்த இடத்தில் அந்தந்த போல்ட்டைக் குத்திவையுங்கள். எம்5-ம் எம்6-ம் கலந்து வரும், நீளமும் வேறுபடும். குட்டை போல்ட் போட வேண்டிய இடத்தில் நீளமானது போனால், அதன் முனை ரேடியேட்டரையோ வயரிங்கையோ குத்தும். மெக்கானிக் கடைகளில் பார்க்கும் மர்மமான ஷார்ட் சர்க்யூட்டுகளில் சில இப்படி வந்தவைதான்.

முதலில் ஸ்டேயை மட்டும் மாட்டி, டூமை அதில் வெறுமனே வைத்துப் பாருங்கள். எல்லாத் துளையும் போல்ட்டை வலுக்கட்டாயமின்றி ஏற்க வேண்டும். "லைட்டா ஃபைல் பண்ணா உக்காந்துரும் தம்பி" என்று மெக்கானிக் அண்ணன் அரத்தை எடுத்தால், ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் அரம் சரி. அதற்கு மேல் தள்ளியிருந்தால் ஸ்டே வளைந்திருக்கிறது, அல்லது அது வேறு மாடலின் ஸ்டே. விழுந்த வண்டியில் ஸ்டே கொஞ்சமாவது வளையாமல் இருக்காது. அதை நிமிர்த்தாமல் பேனலை அரத்தால் தேய்த்துப் பயனில்லை. நிமிர்த்துவதற்குப் பட்டறையில் கொடுத்தால் முடியும். வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லா போல்ட்டையும் கையால் பாதி ஏற்றிவிட்டு, பிறகு நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் இறுக்குங்கள். காலர் உலோகத்தைத் தொட்டதும் ஆலன் கீயில் ஓர் எதிர்ப்பு தெரியும்; அங்கே நிறுத்திவிடுங்கள். பாதி உடைந்த க்ளிப்பை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், நாலைந்து உதிரி க்ளிப் வாங்கிவைப்பது காசில்லாத வேலை.

ரேடியேட்டரை ஒட்டிச் சின்னச் சின்னக் கறுப்பு உள்பேனல்கள் இருக்கும். வெளியே தெரியாது என்பதால் பலர் இவற்றை வாங்குவதும் இல்லை, மாட்டுவதும் இல்லை. காற்றை ரேடியேட்டருக்குள் செலுத்துவதும், சூடான காற்றை ஓட்டுபவரின் காலிலிருந்து விலக்குவதும் அவைதான். சமவெளியில் ஓடும்போது அவை இல்லாத குறை தெரியாது. சித்திரை வெயிலில், பின்னால் ஆளோடு, முதல் கியரில் கரியாலூர்ப் பக்கம் ஏறும்போது ஃபேன் நிற்காமல் ஓடும், எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

வயரிங்கில் ஒரே கட்டளை: வண்டியின் ஒரிஜினல் கப்ளரை வெட்டாதீர்கள். புது விளக்கின் கப்ளர் வேறென்றால், இரண்டு முனையிலும் சரியான கப்ளர் வைத்த ஒரு ஜம்பர் வயர் செய்துகொள்ளுங்கள். பழைய விளக்கு திரும்ப வேண்டுமென்றால் பிடுங்கிச் செருகினால் போதும். நிறம் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று நம்பாமல், மல்டிமீட்டரால் ஒவ்வொரு வயரையும் பாருங்கள். பல்பு இண்டிகேட்டருக்குப் பதில் எல்இடி போட்டால் அது படபடவென்று வேகமாக மினுக்கும். ஃபிளாஷர் ரிலேயை எல்இடிக்கு ஏற்றதாக மாற்றினால் சரியாகும். டூம் மாறிய பிறகு முகவிளக்கின் உயரத்தைச் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஸ்டே கொஞ்சம் மேல்நோக்கியிருந்தாலும், இரவில் எதிரே கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்காரரின் கண்ணைப் பறிக்கும்.

மலைக்கு ஏறும் முன்

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கட்டை விரல், பிரேக் ஆயில் டப்பா, கேபிள் எதுவும் ஃபேரிங்கைத் தொடக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். திருப்பும்போது ஆர்பிஎம் தானாக ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில் ஹேண்டில் பாதிகூடத் திரும்பாது, கொண்டை ஊசியில்தான் கோடிவரை போகும். அங்கே கட்டை விரல் சிக்கினால் வண்டி நிமிராது.

அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முழு உடல் எடையையும் ஹேண்டிலில் போட்டு ஃபோர்க்கை அமுக்குங்கள். முன் மட்கார்டு மேலே வரும்போது ஃபேரிங்கின் அடியிலோ ஹாரனிலோ ரேடியேட்டரிலோ இடிக்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கட்டும். கையால் அமுக்கி வராத ஆழத்துக்கு மலைப்பள்ளம் அமுக்கும். ஆகவே அமுக்கிய நிலையிலும் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

முதல் ஓட்டம் மலைக்கு வேண்டாம். கோமுகி அணை வரை போய்த் திரும்புங்கள். எந்த வேகத்தில் எந்தப் பக்கம் 'கிர்ர்' என்று அதிர்கிறது என்று கேட்டு, அந்த இரண்டு பேனல் சேரும் விளிம்பில் மெல்லிய ஸ்பாஞ்ச் டேப் ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்து, எஞ்சின் ஆறிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் அமர்ந்து, சில இளகியிருக்கும். அதன்பிறகு வெள்ளிமலை. மேலே போய் நின்றதும், டீ சொல்வதற்கு முன், ரேடியேட்டர் ஹோஸ் ஃபேரிங்கில் உரசியிருக்கிறதா, வயர் எங்காவது எஞ்சின் மேல் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகிறவர்கள் டூமுக்குள் கப்ளர்கள் வாய் கீழ்நோக்கியிருக்கின்றனவா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். மேல்நோக்கி இருந்தால் தண்ணீர் அதற்குள்தான் போய்ச் சேரும்.

கழற்றிய பழைய பேனல்களை, ஒரு மூலை உடைந்திருந்தாலும், ஆக்கர்காரரிடம் போடாதீர்கள். காதுகளும் க்ளிப் பிடிகளும் பின்னால் வேறொரு பேனலை ஒட்டத் தேவைப்படும், அதே பிளாஸ்டிக்கின் துண்டைவிட நல்ல வெல்டிங் குச்சி கிடைக்காது. வண்டியை விற்கும் நாளில் பழைய உருவத்துக்குத் திருப்பிக் கேட்கிறவரும் உண்டு. மொட்டை மாடியில் வெயிலில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். நிழலில், பழைய வேட்டியில் சுற்றி, தட்டையாகப் படுக்கவையுங்கள். அதன் போல்ட், காலர், கிராமெட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, மாடல் பெயரும் பகுதி எண்ணும் எழுதி, பேனலின் உள்பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.